மனத்தில் வைத்திருத்தல்: மூளையின் மின்னலைகளும் இரத்த ஓட்டமும் சொல்வது என்ன?

புறநோயாளர் பிரிவில் அண்மையில் ஒரு பெண்மணி இரண்டு அறிக்கைகளை என் மேசைமீது வைத்தார். ஒன்று அவருடைய கணவரின் இ.இ.ஜி. பதிவு, மற்றொன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன். சில மாதங்களுக்கு முன் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் அவர். காயம் சிறியதுதான், இரண்டு அறிக்கைகளிலும் குறை எதுவும் இல்லை. “ரெண்டுமே நார்மல்னு சொல்றீங்க டாக்டர். ஆனா போன்ல வர்ற ஓடிபி நம்பரைப் பார்த்துட்டு அடுத்த பக்கத்துக்குப் போறதுக்குள்ள இவருக்கு மறந்துபோயிடுது. வேணும்னே கவனிக்காம இருக்காருன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க” என்றார். கணவர் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வலிப்பு நோயாளிகளின் குடும்பத்தினரும், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரின் பிள்ளைகளும் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறார்கள். சோதனை சரியாக இருக்கிறது. ஆள் சரியாக இல்லை. அப்படியானால் யாரை நம்புவது? புறநோயாளர் பிரிவின் சில நிமிடங்களில் இதற்கு முழுமையாக விடை சொல்ல இயல்வதில்லை. இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறு இலக்கங்களைப் பார்த்து, அவற்றைச் சில நொடிகள் மனத்தில் தாங்கி, வேறோர் இடத்தில் தட்டச்சு செய்வது எளிய செயலாகவே தோன்றும். இவ்வாறு ஒரு செய்தியைக் கையாளும் வரையில் மட்டும் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலைச் ‘செயல்படு நினைவு’ என்கிறோம். பள்ளியில் கற்ற பாட்டும் திருமண நாளும் நினைவில் இருப்பது வேறு வகை. அது நீண்டகால நினைவு. வாங்க வேண்டிய நான்கு மளிகைப் பொருள்களை வாய்க்குள் முணுமுணுத்தபடியே கடைக்கு நடப்பதும், மீதிச் சில்லறையை மனக்கணக்காகப் போடுவதும், நீண்ட வாக்கியம் ஒன்று முடியும்வரை அதன் தொடக்கத்தை விடாமல் வைத்திருப்பதும் செயல்படு நினைவின் பணிகள். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்னும் பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-இல் இதற்குத் தந்த விளக்கமே இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

இதன் கொள்ளளவு மிகச் சிறியது. ஏறத்தாழ ஏழு செய்திகள் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டன. ஆகவே ஆறு இலக்க எண் என்பது நலமான மூளைக்கே கொள்ளளவின் விளிம்பில் நிற்கும் சுமை. அடிபட்ட மூளையிலோ, உறக்கமின்றிக் களைத்த மூளையிலோ முதலில் சிந்துவது இதுதான்.

இரு சோதனைகளும் அளப்பவை

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் தயங்கி 1929-இல்தான் அதை வெளியிட்டார். கண்களை மூடி ஓய்வாக இருப்பவரின் பிடரிப் பகுதியில் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை எழுந்து தாழும் அலை ஒன்றைக் கண்டு அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார். கண்களைத் திறந்தால் அவ்வலை அடங்கிவிடும். இன்றும் எங்கள் தொழில்நுட்பர் “கண்ணைத் திறங்க, மூடுங்க” என்று உங்களிடம் சொல்வது பெர்கர் கண்ட அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே.

இந்த அலை எங்கிருந்து வருகிறது? ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு கணக்கைப் போட்டுத் தமக்குள் பேசிக்கொண்டிருந்தால் வெளியே நிற்பவருக்கு ஏதோ இரைச்சல்தான் கேட்கும். அனைவரும் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தால் தெருமுனை வரை கேட்கும். இ.இ.ஜி. மின்முனைகள் மண்டையோட்டுக்கு வெளியே, தெருவில் நிற்பவரின் நிலையில் இருக்கின்றன. பெருந்திரளான நரம்புச் செல்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போதுதான் அவற்றுக்கு ஏதேனும் எட்டும். அதுவும் பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட் அளவில்தான். (ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.) இந்த ஒப்புமையில் ஒன்றைக் கவனியுங்கள்: சத்தம் பெரிதாகக் கேட்பதால் உள்ளே வேலை மிகுதியாக நடக்கிறது என்று பொருளல்ல. எல்லோரும் ஒரே குரலில் ஒப்பிக்கும்போது எவரும் தனிக்கணக்குப் போடுவதில்லை. இக்கருத்து பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இரத்த ஓட்டத்தின் வழியாக மூளையின் உழைப்பை அறியும் எண்ணம் இ.இ.ஜி.யைவிடப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியரான ஆஞ்சலோ மோஸ்ஸோ, காயத்தால் மண்டையோட்டில் திறப்பு ஏற்பட்டிருந்த ஒருவரை மனக்கணக்குப் போடச் சொல்லி, அப்போது மூளையின் துடிப்பு பெருகுவதைப் பதிவு செய்தார். மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் ஓய்வில் நாம் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. சேமிப்பு ஏதும் இல்லாத உறுப்பு அது. எனவே உழைக்கும் பகுதிக்கு உடனுக்குடன் இரத்தம் அனுப்பப்பட வேண்டும். பத்து விருந்தினருக்கு இருபது பேருக்கான உலை வைக்கும் நம் வீட்டு வழக்கத்தைப் போல, உடலும் தேவையைவிட மிகுதியாகவே ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை அனுப்புகிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்கும் இழக்காததற்கும் காந்தப் பண்பில் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடிக்கலாம் என்று செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டினார். இரண்டே ஆண்டுகளில் மனித மூளையிலும் அது செய்து காட்டப்பட்டது. இதுவே செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.

இதன் வலிமை இடத்தைச் சுட்டுவதில் இருக்கிறது. சில மில்லிமீட்டர் அளவுக்கு இடத்தைக் குறிப்பிட்டுவிடும். காலத்தில்தான் அது மிகவும் பின்தங்கியது. நரம்புச் செல்கள் இயங்கி ஏறக்குறைய ஐந்து நொடிகள் கழித்தே இரத்த ஓட்டம் உச்சத்தை எட்டும். நம் நண்பர் எண்ணைப் படித்து, மறந்தும்விட்ட பிறகுதான் இந்தச் செய்தி வந்து சேரும். இ.இ.ஜி.யோ ஆயிரத்தில் ஒரு நொடியைக்கூடப் பிரித்துக் காட்டும். ஆனால் எந்த இடத்திலிருந்து என்று கேட்டால் தடுமாறும்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். மருத்துவமனையில் உங்களுக்கு வழக்கமாக எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. மேலே சொன்ன செயல்பாட்டு வகை அன்று. அது மூளையின் அமைப்பைக் காட்டும் படம்: கட்டி உண்டா, இரத்தக் கசிவு உண்டா, திசு சுருங்கியிருக்கிறதா என்பதைச் சொல்லும். வீட்டின் வரைபடத்தைப் பார்த்து அடுப்பு எரிகிறதா என்று சொல்ல இயலாது. அதேபோல் வழக்கமான இ.இ.ஜி. எடுக்கும்போது நீங்கள் கண்களை மூடிப் படுத்திருக்கிறீர்கள், ஆழமாக மூச்சுவிடச் சொல்கிறோம், விளக்கை மின்னவிடுகிறோம். எதையும் மனத்தில் வைத்திருக்குமாறு சொல்வதில்லை. வலிப்புக்குரிய அறிகுறி உண்டா என்று பார்ப்பதே முதன்மை நோக்கம். ஆக, அந்தப் பெண்மணி கொண்டு வந்த இரண்டு அறிக்கைகளும் அவருடைய கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ‘நார்மல்’ என்பது விடையாகாது.

இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால்

ஒன்று காலத்தை அறியும், மற்றொன்று இடத்தை அறியும். எனில் இரண்டையும் ஒரே வேளையில், ஒரே மூளையில் எடுத்தால் என்ன? 1993-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் வலிப்பு நோய்க்காக இதைத் தொடங்கினர். சொல்வதற்கு எளிது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் படமெடுக்கும்போது இடைவிடாமல் மாறுவதால் இ.இ.ஜி. கம்பிகளில் மூளையலையைப் போலப் பன்மடங்கு பெரிய மின்னோட்டம் தூண்டப்படும். அதை நீக்கினாலும், ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் தலையும் கம்பிகளும் நுண்ணளவில் அசைவதால் இன்னொரு போலி அலை தோன்றும். கம்பிகள் சூடேறித் தோலைச் சுடவும் கூடும் என்பதால் தனிவகை மின்முனைகளே பயன்படுத்தப்படுகின்றன. எங்கள் இ.இ.ஜி. அறையில் உள்ள சாதாரணக் கம்பிகளுடன் எவரும் ஸ்கேன் அறைக்குள் நுழையவே கூடாது.

இந்த இடையூறுகளைக் கணினி முறைகள் ஓரளவு வென்ற பிறகு செயல்படு நினைவை ஆராய்வது இயலக்கூடியதாயிற்று. சோதனை முறை பழையதுதான். 1966-இல் சால் ஸ்டெர்ன்பெர்க் வகுத்தது. சில எண்களையோ எழுத்துகளையோ காட்டுவார்கள்; பிறகு திரை வெறுமையாகும்; சில நொடிகள் கழித்து ஒன்றைக் காட்டி “இது அந்தப் பட்டியலில் இருந்ததா?” என்று கேட்பார்கள். பட்டியலில் ஒரு எண் கூடினால் விடை சொல்ல ஏறத்தாழ 38 மில்லி நொடி கூடுதலாகிறது என்று ஸ்டெர்ன்பெர்க் கண்டார். நமக்கு இங்கே வேண்டியது இடையில் உள்ள வெறுமையான நொடிகள். கண்முன் எதுவும் இல்லை. கை எதையும் செய்யவில்லை. மனம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த நொடிகளில் இ.இ.ஜி.யில் இரண்டு மாற்றங்கள் தெரியும். நெற்றிக்கு நடுவே, நொடிக்கு நான்கு முதல் ஏழு முறை அசையும் தீட்டா அலை வலுப்பெறும். பின்தலையில் ஆல்ஃபா அலையும் வலுப்பெறும். சுமை கூடக்கூட அதுவும் கூடும். இரண்டாவது செய்தி 2002-இல் ஓலே யென்சன் குழுவினர் வெளியிட்டபோது பலருக்கும் வியப்பாக இருந்தது. ஏனெனில் ஆல்ஃபா ஓய்வின் அலை என்றல்லவா நாங்கள் படித்திருந்தோம்! மனக்கணக்குப் போட்டால் அது அடங்கும் என்று பெர்கரே எழுதியிருந்தார். உழைப்பின் நடுவில் ஓய்வின் அலை ஏன் ஓங்க வேண்டும்?

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ரெனே ஸ்கேரிங்காவும் உடன் பணியாற்றியோரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை ஒன்றைத் தந்தது. நலமான தன்னார்வலர்களைச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, ஸ்டெர்ன்பெர்க் முறைச் சோதனையின்போது இரண்டு பதிவுகளையும் ஒருங்கே எடுத்தனர். ஒவ்வொரு முயற்சியிலும் அலை எவ்வளவு ஓங்கியது, அதற்கு ஈடாக இரத்த ஓட்டச் சமிக்ஞை எங்கே மாறியது என்று ஒப்பிட்டனர். முன்மடலிலும் பக்கமடலிலும் உள்ள, நினைவுக்குரியவை என்று நெடுங்காலமாகக் கருதப்படும் பகுதிகளில்தான் பொருத்தம் தெரியும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். அங்கே பொருத்தம் கிடைக்கவில்லை. பின்தலை ஆல்ஃபா ஓங்கிய அளவுக்குப் பார்வைக்குரிய முதன்மைப் பகுதியில் சமிக்ஞை குறைந்தது. நெற்றித் தீட்டா ஓங்கிய அளவுக்கு, வேலையின்றி மனம் தன்போக்கில் அலையும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகளில் சமிக்ஞை குறைந்தது.

அதாவது அலைகள் காட்டியது விளக்கேற்றிய அறைகளை அல்ல, சாத்திய கதவுகளை. எண்ணைப் பார்த்தாயிற்று, இனிக் கண்வழியே புதிதாக எதுவும் வந்து அதைக் கலைக்கக் கூடாது, மனமும் ஊர் சுற்றப் போகக் கூடாது. இவ்விரண்டு கதவுகளையும் சாத்திவைத்தால்தான் ஆறு இலக்கங்கள் தங்கும். இது ஒரு விளக்கமே. மூளையாய்வில் கடைசிச் சொல் என்று எதுவும் இல்லை. ஆயினும் என் மருத்துவ அனுபவத்தோடு மிகவும் இசைந்துபோகும் விளக்கம் இது. ‘நினைவு போய்விட்டது’ என்று என்னிடம் வருவோர் பலருக்கு உண்மையில் போயிருப்பது கதவைச் சாத்தும் வலிமைதான். அமைதியான அறையில் ஐந்து எண்களைச் சரியாகச் சொல்பவர், தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் மூன்றைக்கூடத் தவறவிடுவார். இதைப் பார்க்கும் வீட்டாருக்கு அது அக்கறையின்மையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நம் நண்பருக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. தாமஸ் மக்காலிஸ்டர் தலைமையிலான அமெரிக்கக் குழுவினர் 1999-இல் வெளியிட்டது. சிறு தலைக்காயம் ஏற்பட்டு ஏறத்தாழ ஒரு மாதம் ஆனவர்களுக்கும் நலமானவர்களுக்கும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒரே நினைவுச் சோதனையைத் தந்தனர். விடைகளின் சரி தவறில் இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் சுமையைச் சற்றுக் கூட்டியபோது காயமடைந்தவர்களின் மூளையில், குறிப்பாக வலப்புற முன்மடலிலும் பக்கமடலிலும், கூடுதலான பரப்பு வேலையில் இறங்கியது. தங்களுக்கு நினைவு சரியில்லை என்று அவர்கள் முறையிட்டும் வந்தனர். விடை ஒன்றே, விலை வேறு. அலுவலகத்தில் எப்படியோ சமாளித்துவிட்டு மாலையில் வீடு திரும்பியதும் ஒரு சொல்லுக்கு எரிந்துவிழும் மனிதரைப் பற்றிக் குடும்பத்தினர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

வண்ணப் படங்களைக் குறித்து

இவ்வளவையும் படித்துவிட்டு, “அப்படியானால் இந்த இரட்டைப் பதிவை எங்களுக்கும் எடுத்துவிடுங்கள்” என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம் என்றே சொல்வேன். மேலே கூறியவை பலருடைய, பல முயற்சிகளின் சராசரிகள். ஒரு நினைவுப் பணியின்போது இரத்த ஓட்டச் சமிக்ஞையில் நேரும் மாற்றம் நூற்றில் ஓரிரு பங்கு அளவே. தனி ஒருவரின் பதிவைப் பார்த்து ‘இவருக்குச் செயல்படு நினைவு குறைந்திருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு இம்முறை வரவில்லை. ‘பிரெயின் மேப்பிங்’ என்ற பெயரில் சிவப்பும் நீலமுமாக அச்சிட்ட இ.இ.ஜி. படங்களைக் காட்டி, ஆல்ஃபா கூடுதல், தீட்டா குறைவு என்று சொல்லிப் பெருந்தொகைக்குப் பயிற்சித் திட்டங்களை விற்போரும் உண்டு. அலை ஓங்குவது நல்லதா தீயதா என்பது அந்த நொடியில் அந்த மூளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பொறுத்தது என்று மேலே பார்த்தோம். அதைக் கேட்காமல் வண்ணத்தை மட்டும் காட்டுபவரிடம் பணத்தைத் தராதீர்கள்.

செயல்படு நினைவை அளக்க எங்களிடம் இருப்பது செலவில்லாத முறை. நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வேன். அவற்றை அதே வரிசையிலும், பிறகு தலைகீழாகவும் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் கணவர் நேர்வரிசையில் ஐந்து வரை சொன்னார். தலைகீழாக மூன்றைத் தாண்டவில்லை. விசிறிக்குக் கீழே அமர்ந்திருந்தும் அவருக்கு நெற்றி வியர்த்தது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். (இச்சோதனையை வீட்டில் தினமும் காலையில், உறவினர் முன்னிலையில் நடத்திப் பார்க்க வேண்டாம். அது மருத்துவமாகாது, அவமானமாகத்தான் முடியும்.)

அதற்குப் பிறகு நாங்கள் தேடுவது சரிசெய்யக்கூடிய காரணங்களை. உறக்கக் குறைவு முதலிடம் பெறும்; பெருங்குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் இருந்தால் அதைத் தனியே ஆராய வேண்டும். மனச்சோர்வு, தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மது ஆகியவை அடுத்து வருவன. மருந்துகளும் காரணமாகலாம்: தூக்க மாத்திரைகள், சளிக்காகக் கடையில் வாங்கும் சிலவகை ஒவ்வாமை மருந்துகள், வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் டோபிராமேட் முதலியன. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். தலைக்காயத்துக்குப் பின் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, மயக்கநிலை, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி தோன்றினாலோ அது வேறு செய்தி. உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கது பெரும்பாலும் கதவைச் சாத்த உதவுவதுதான். முக்கியமான ஒன்றைச் சொல்லும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள். அவர் முகத்தைப் பார்த்து ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள். ‘மாத்திரையைப் போட்டுட்டு, மோட்டரை நிறுத்திட்டு, அப்படியே பால் வாங்கிட்டு வாங்க’ என்பது மூன்று செய்திகள். தாளில் எழுதித் தருவதில் தாழ்வு ஒன்றுமில்லை. மனத்தின் சுமையைத் தாளுக்கு மாற்றுகிறோம், அவ்வளவே. ஓடிபி எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லியபடி தட்டச்சு செய்யலாம். ஆறு துண்டுகள் இரண்டாகிவிடும். வேண்டுமானால் வீட்டில் ஒருவர் அருகிலிருந்து படித்துச் சொல்லலாம். தொலைபேசியில் கேட்கும் வெளியாருக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் அந்த எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. நினைவு தளர்ந்தவர்களைக் குறிவைத்தே அவ்வழைப்புகள் வருகின்றன.

சிறு தலைக்காயத்துக்குப் பின் வரும் இத்தொல்லை பெரும்பாலானோருக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ குறைந்துவிடும். நம் நண்பருக்கு இரவில் உறக்கம் மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லை என்பது அன்றுதான் தெரிய வந்தது. ஆறு வாரம் கழித்து வந்தபோது உறக்கம் சீராகியிருந்தது, தலைகீழ் எண்களில் நான்கைச் சொன்னார். ஓடிபி வந்தால் வீட்டில் பேரப்பிள்ளைகூடத் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுகிறானாம்.

நினைவுத் தளர்ச்சிக்காக எங்களிடம் வருவோர் பழைய ஸ்கேன் படங்களோடு இன்னும் மூன்றைக் கொண்டு வாருங்கள்: கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகள், கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற குறிப்பு, எதை, எந்த வேளையில், சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தபோது மறந்தார் என்று வீட்டிலுள்ள ஒருவர் எழுதிய நான்கைந்து வரிகள்.